கேரவன் உள்ள பூசணம் புடிச்சு நாறுது, ஈரம் எங்க இருந்து வருதுன்னே தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க

குலசேகரம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஜீப்புக்கு பின்னாடி கட்டி இழுக்குற 12 அடி டிரெய்லர் கேரவன் ஒண்ணு ரெண்டு வருசம் முன்னாடி பாடி கட்டுற இடத்துல குடுத்து செஞ்சு வாங்குனோம். இரும்பு பிரேம், வெளிய அலுமினிய ஷீட்டு, நடுவுல தெர்மாகோல், உள்ள பிளைவுட். வெயில் காலத்துல ஒரு குறையும் இல்ல, இடவப்பாதி மழை (தென்மேற்கு பருவமழை) தொடங்குனதும் மெத்தைய தூக்கிப் பாத்தா அடியில கறுப்பா புள்ளி புள்ளியா பூத்துக் கெடக்கு, பின்பக்க மூலையில பிளைவுட்ட அமுக்குனா விரல் உள்ள போவுது, காலைல எந்திரிச்சா ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளம் வழியுது. வீட்டுக்காரிக்கு வீசிங் உண்டு, போன தடவ பேச்சிப்பாறை பக்கம் ஒரு ராத்திரி தங்குனதுக்கே மூச்சு முட்டிப்போச்சு, அதுக்கப்புறம் அவளை இதுல ஏத்தவே பயமா இருக்கு. பினாயில் போட்டு ரெண்டு தடவ தொடச்சேன், 10 நாள்ல திரும்ப வந்துருச்சு. இப்ப வண்டி நிக்குறது ரப்பர் தோட்டத்துக்குள்ள, மரத்தடியில தார்ப்பாய் போட்டு மூடி. பூஞ்சை வராத பெயிண்ட் அடிச்சா சரியாவுமா?

தக்கலை_பெயின்டர்:
அண்ணே, பெயிண்ட் அடிக்கது என் தொழிலு, அதனால சொல்றேன், இப்ப அடிக்காதீங்க. ஈரப் பலகை மேல என்ன விலை பெயிண்ட் அடிச்சாலும் கொப்புளிச்சு உரியும், பூசணம் உள்ளயே வளந்துட்டு இருக்கும். விரல் உள்ள போற பலகை இனி தேறாது, நல்ல மரம் தெரியுற வரைக்கும் வெட்டி எடுங்க. வெட்டுறப்ப N95 மாஸ்க் கட்டாயம், வீட்டுக்காரம்மா பக்கத்துலயே நிக்கக் கூடாது. இன்னொண்ணு, பிளீச்சிங் தண்ணியோட டாய்லெட் கழுவுற ஆசிட்டையோ வினிகரையோ கலந்துராதீங்க, குளோரின் வாயு வரும், அந்த சின்ன ரூமுக்குள்ள அது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் போட்டா பிளைவுட்டுல மேல் நெறம் மட்டும்தான் போவும், உள்ள எறங்குன வேர் சாவாது.

மார்த்தாண்டம்_பாடிஒர்க்:
முதல்ல வெள்ளம் வெளிய இருந்து வருதா உள்ளயே உண்டாவுதான்னு பிரிச்சுப் பாக்கணும், அது தெரியாம எது செஞ்சாலும் காசுதான் போவும். சமையலுக்கு வச்சிருக்க அலுமினிய பாயில் ஒரு அடிக்கு வெட்டி, சுவத்த தொடச்சுட்டு நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. காலைல பாயிலோட உள்பக்கம், அதாவது ரூமை பாத்த பக்கம் நனைஞ்சிருந்தா நீங்க மூச்சு விட்டதும் சமைச்சதும் குளுந்த சுவத்துல பட்டு வெள்ளமா ஆவுது. பின்பக்கம் நனைஞ்சிருந்தா சுவத்துக்குள்ள ஈரம் நிக்குது, எங்கயோ ஒழுகுது. ரெண்டு மூணு இடத்துல ஒட்டிப் பாருங்க, அந்த மெத்துன்னு ஆயிப்போன மூலைக்குப் பக்கத்துல நல்லா இருக்க பலகையிலயும் ஒண்ணு.

ஒழுகல் தேட ஹோஸ் புடிக்கணும், ஒருத்தர் உள்ள டார்ச்சோட இருக்கட்டும். கீழ இருந்து தொடங்கி கொஞ்சம் கொஞ்சமா மேல போங்க, எடுத்ததும் கூரையில ஊத்துனா எல்லா எடத்துலயும் வழிஞ்சு எந்த ஓட்டைன்னே புரியாது. நான் பாத்த வண்டிகள்ல பெரும்பாலும் பின் லைட்டுக்கு வயர் போற ஓட்டை, ஜன்னல் பிரேம் ஓரம், கூரை ஷீட்டு சேருற ஜாயின்ட், இந்த மூணுதான். அடைக்க பி.யூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்க, கல்லு மாதிரி இறுகுற எபாக்ஸி வண்டி குலுங்குறப்ப விரிசல் விட்ரும். பழைய சிலிக்கான சுரண்டி முழுக்க எடுக்காம அதுக்கு மேலயே போட்டா ஒட்டாது.

சமையல் உள்ளயா வெளியவா?

குலசேகரம்காரன்:
உள்ளதான் சார். மழைல வெளிய வைக்க முடியாதுல்ல, சின்ன கேஸ் அடுப்பு, ஜன்னல் சாத்தி இருக்கும்.

மார்த்தாண்டம்_பாடிஒர்க்:
அப்போ அதுவும் ஒரு காரணம். ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும், சோறு வேகுற ஆவி தனி. மூடுன ரூமுல அடுப்பு எரிக்கது மூச்சுக்கும் ஆபத்து, வீசிங் உள்ளவங்களுக்கு சொல்லவே வேண்டாம். மழையா இருந்தாலும் ஒரு ஜன்னல கொஞ்சம் திறந்து, எதிர் பக்கம் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு மாட்டுங்க. மெத்தைய பலகை மேல அப்பிடியே போடாம ரீப்பர் கட்டை அடிச்சு இடைவெளி விட்டு போடுங்க, அடியில காத்து ஓடணும். பூத்த ஃபோம் மெத்தைய கழுவிப் பாக்காதீங்க, மாத்திருங்க.

ரப்பர்வீடு:
நான் மெக்கானிக் இல்ல, ஆனா ரப்பர் பால்ல ஷீட்டு அடிக்கிற வீடு. பால் ஷீட்டு உள்ள வெள்ளை மாறாம அடுக்கி வச்சா ஒரு வாரத்துல பூத்துரும், அதுக்குத்தான் புகை போட்டு நல்லா காய வைக்கோம், ஒங்க வண்டியும் அதே கததான். ரப்பர் தோட்டத்துக்குள்ள மழைக்காலத்துல வெயிலும் வராது காத்தும் வராது, அதுல தார்ப்பாயும் போட்டு மூடுனா ஈரம் எங்க போவும்? தார்ப்பாய எடுத்துட்டு, ஒழுகல அடைச்ச பொறவு ஒரு வாரம் ஆரல்வாய்மொழி பக்கம் தெரிஞ்சவங்க எடத்துல கொண்டு நிறுத்துங்க. இங்க மழை ஊத்துறப்ப அங்க காத்தாடி சுத்துற காத்து, மழையும் கொறவு. கதவு, அலமாரி, மெத்தைக்கு அடிப் பெட்டி எல்லாத்தையும் திறந்து போட்ருங்க.

குழித்துறை_ஜெ:
ஈரத்த இழுக்குற கால்சியம் குளோரைடு டப்பா கடையில கிடைக்கும், பூட்டிக் கெடக்குற நாள்ல அலமாரிக்குள்ள ஒண்ணு ஒண்ணு வைக்கலாம். அடியில சேருற தண்ணி இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும், கவுந்துராம பாத்துக்கிடுங்க, பிள்ள கை படக்கூடாது. ஒழுகுற வண்டிக்கு அது பத்தாது. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, 60 சதவீதத்துக்கு கீழ நின்னா பூசணத்துக்கு கஷ்டம்.

குலசேகரம்காரன்:
பாயில் ஒட்டிப் பாத்தேன், ஒரு ராத்திரி நான் மட்டும் உள்ள படுத்தேன். கட்டில் பக்க சுவத்துல உள்பக்கம் நனைஞ்சிருக்கு, பின் மூலைல பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, ரெண்டுமே இருக்கு போல. இன்னிக்கு தம்பிய உள்ள விட்டு ஹோஸ் புடிச்சோம், இடது பின் லைட்டுகிட்ட போனதும் உள்ள இருந்து கத்துனான், வயர் ஓட்டையில ரப்பர் வாஷரே இல்ல. லைட்ட கழட்டிட்டு பலகைய வெட்டுனா தெர்மாகோலுக்கு பின்னாடி பிரேம்ல துரு. துருவ சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சுட்டு சீலன்ட் போடலாமா, இல்ல அந்த துண்டு பிரேமையே வெட்டி வெல்டு வைக்கணுமா?

மார்த்தாண்டம்_பாடிஒர்க்:
ஸ்க்ரூடிரைவரால நல்லா குத்திப் பாருங்க. ஓட்டை விழலன்னா சுரண்டி பிரைமர் அடிச்சா போதும், விழுந்தா வெல்டுதான். பிரைமர் முழுசா காஞ்ச பொறவு சீலன்ட். வெல்டுன்னா தெர்மாகோல தூரமா எடுத்து வச்சிருங்க, பொறி பட்டா பிடிச்சிரும்.