டெட்ராய்ட்ல பழைய இடம் எதெல்லாம் இன்னும் இருக்கு? அத்தைக்கு போட்டோ எடுத்துக்கினு வரணும்

காட்பாடி கதிர்:
மிச்சிகன் பக்கம் நம்ம வேலூர்க்காரங்க யாராச்சும் இருந்தா பதில் போடுங்க. எங்க அத்தை, அப்பாவோட அக்கா, சி.எம்.சி.ல நர்சிங் முடிச்சிட்டு 70கள்ல டெட்ராய்ட் போனவங்க, 84ல மாமாவுக்கு ஹூஸ்டன்ல வேலை கிடைச்சதும் அங்க மாறிட்டாங்க, இப்ப ரிட்டயர் ஆகி காந்தி நகர்ல எங்களுக்கு அடுத்த தெரு. ஹூஸ்டன்ல அத்தனை வருஷம் இருந்தும் அத பத்தி ஒரு வார்த்தை வராது, கரண்ட் போச்சின்னா போதும் டெட்ராய்ட் கதை தான். பசங்க அத்தை ரீல் வுடுதுன்னு சிரிக்கிறானுங்க.

ஊர் நடுவுல நின்னு தெக்க பாத்தா கனடா தெரியுமாம். ஒரு கடையில 12வது மாடி முழுக்க பொம்மையாம். ஆத்துல கப்பல் ஏறி தீவுக்கு போவாங்களாம், போற வழியில கப்பல்லயே டான்ஸாம். ஐஸ் ஹாக்கி மேட்ச்ல ஆக்டோபஸ தூக்கி எறிவாங்கன்னு சொன்னப்போ எங்கப்பா எழுந்தே போய்ட்டாரு. அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா சிகாகோ வரேன், ஒரு சனி ஞாயிறு கார் எடுத்துக்கினு வந்துடலாம்னு இருக்கேன். எது இருக்கு எது போச்சி?

குடியாத்தம் டூ கேன்டன்:
தம்பி, அத்தை சொன்னது அத்தனையும் நிஜம். ஆறு அந்த இடத்துல வளைஞ்சி போறதால டவுன்டவுனுக்கு நேர் தெக்க கனடாவோட வின்ட்சர் ஊரு. ஜாக்கிரதை, ஹைவேல கனடா பாலம்னு போர்டு பாத்துட்டு தப்பா ஏறிட்டீங்கன்னா திரும்ப வழி கிடையாது, பார்டர்ல போய் தான் நிக்கணும், விசிட் விசால வரவங்களுக்கு அது பெரிய ரோதனை.

ஆக்டோபஸ் 1952ல ஆரம்பிச்சது. அப்பல்லாம் ஐஸ் ஹாக்கியோட பெரிய கப்பான ஸ்டான்லி கப் ஜெயிக்க எட்டு மேட்ச் ஜெயிச்சா போதும். ஈஸ்டர்ன் மார்க்கெட்ல மீன் கடை வச்சிருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு, எட்டு கை எட்டு வெற்றின்னு கணக்கு போட்டு ஒண்ண எடுத்துக்கினு போய் ஐஸ் மேல வீசிட்டாங்க, அந்த வருஷம் டெட்ராய்ட்டோட ரெட் விங்ஸ் டீம் எட்டையும் வரிசையா ஜெயிச்சிடுச்சி. அன்னிலேர்ந்து அதான் சடங்கு.

பொம்மை மாடி ஹட்சன்ஸ் கடை. உட்வர்ட் அவென்யூல ஒரு பிளாக்கையே அடைச்சிக்கினு நின்னுது, 1924லேர்ந்து தேங்ஸ்கிவிங் ஊர்வலம் ஆரம்பிச்சி வச்சவங்களும் அவங்க தான். கிறிஸ்மஸ் வந்தா அந்த 12வது மாடியில சான்டாவ பாக்க க்யூ நிக்கும். 1983 ஜனவரியில மூடினாங்க, 98 அக்டோபர்ல வெடி வச்சி தரைமட்டம் ஆக்கிட்டாங்க. அந்த இடம் ரொம்ப வருஷம் காலியா கிடந்து இப்ப அதே பேர்ல புது டவர் நிக்குது. கண்ணாடி கட்டடம், நல்லா தான் இருக்கு, ஆனா அத்தைக்கு காட்டினா இதுவா ஹட்சன்ஸ்னு கேப்பாங்க.

கப்பல் விஷயம் தான் எனக்கு மனசு ஆறல. கொலம்பியா, செயின்ட் க்ளேர்னு ரெண்டு, 1902லயும் 1910லயும் கட்டினது. பாப்லோ தீவுக்கு போவும், தீவு கனடாவோடது. கேப்டன் பாப்லோன்னு குள்ளமா ஒருத்தர், சர்க்கஸ்ல இருந்தவரு, பெரிய தொப்பி போட்டுக்கினு கப்பல் முழுக்க பசங்கள சிரிக்க வைப்பாராம், அத்தைய கேட்டு பாருங்க. இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. 1945ல சாரா எலிசபெத் ரேன்னு ஒரு கருப்பின பொண்ணு கூட படிச்சவங்களோட டிக்கெட் வாங்கி ஏறினப்போ அவங்கள மட்டும் எறக்கி விட்டுட்டாங்க. அவங்க சும்மா வுடல, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1948ல கம்பெனி தோத்துச்சி. அதனால பழைய காலம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இனிப்பு இல்ல. 1991ல கப்பல் நின்னுது, 93ல பார்க் மூடினாங்க. கொலம்பியாவ ரிப்பேர் பண்ண பஃபலோவுக்கு இழுத்துக்கினு போனாங்க, செயின்ட் க்ளேர் 2018ல தீப்பிடிச்சி மரத்தளம் மொத்தமும் எரிஞ்சி போச்சி.

சத்துவாச்சாரி சிவா:
ப்ரோ, ஒரு நாள் லீவ அங்க வந்து வேஸ்ட் பண்ணாதீங்க, சிகாகோவிலேயே சுத்துங்க. இடிஞ்ச கட்டடம் பாக்கறதுக்கு நம்ம ஊர்ல இல்லாததா?

ஆம்பூர் ஆயிஷா:
சிவா அண்ணா எந்த வருஷம் கடைசியா போனீங்க? 1950ல பதினெட்டு லட்சத்துக்கு மேல ஜனம் இருந்த ஊரு, 2010ல ஏழு லட்சத்து சொச்சம், வீடு காலியா தான் கிடக்கும். அதுக்காக இடிஞ்சத மட்டும் போட்டோ புடிச்சிக்கினு போறவங்கள பாத்தா அங்க இருக்கறவங்களுக்கு எரிச்சல் வருது, எனக்கும் தான். மிச்சிகன் சென்ட்ரல் ஸ்டேஷன் 1988ல கடைசி ரயில் போனதும் ஜன்னல் கூட இல்லாம நின்னுது. ஃபோர்டு 2018ல வாங்கினப்போ, யாரோ ஒருத்தர் மியூசியத்துக்கு போன் பண்ணி, ஸ்டேஷன்லேர்ந்து எடுத்துக்கினு போன கடிகாரம் என் கிட்ட இருக்கு, திருப்பி தரேன், பேர் மட்டும் கேக்காதீங்கன்னாராம். ஒரு பழைய கட்டடத்துக்கிட்ட சாத்தி வச்சிட்டு போய்ட்டாரு. 2024 ஜூன்ல தொறந்துட்டாங்க, கதிர் அங்க உள்ள போய் நிமிந்து அந்த வெயிட்டிங் ஹால் கூரைய படம் எடுங்க.

அப்புறம் மோட்டவுன், பாட்டு ரெக்கார்ட் போட்ட கம்பெனி. அத்தை போறதுக்கு கொஞ்சம் முன்ன 1972லயே கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ் போயிடுச்சி, ஆனா வெஸ்ட் க்ராண்ட் புலவார்ட்ல அந்த வீடு இன்னும் மியூசியமா இருக்கு. ஸ்டுடியோன்னா பெருசா நெனைக்காதீங்க, சின்ன குடும்ப வீடு. பெர்ரி கோர்டி கார் ஃபேக்டரி லைன்ல வேலை பாத்தவரு, 1959ல குடும்பத்துக்கிட்ட 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்சாரு. வெறும் ஃப்ரேமா உள்ள போறது காரா வெளிய வருதே, பாட்டையும் அப்படியே பண்ணலாம்னு யோசிச்சாரு. எங்க ஊர் ஷூ கம்பெனில கட்டிங், தையல், ஃபினிஷிங்னு கை மாறுமே அதே தான், எழுத ஒரு டீம், வாசிக்க ஒரு டீம், பாடறவங்களுக்கு மேடையில எப்படி நடக்கணும்னு சொல்லித்தர தனி ஆளு. எதிரொலி வேணும்னு மேல பரண்ல ஓட்டை போட்டு அதையே எக்கோ ரூமா வச்சிக்கினாங்க, டூர்ல காட்டுவாங்க. டிக்கெட் முன்னாடியே எடுத்துடுங்க, அன்னிக்கு போனா கிடைக்காது.

காட்பாடி கதிர்:
அண்ணா, ஆயிஷா, ரொம்ப தேங்ஸ். அத்தைக்கு போன்லயே எல்லாத்தையும் படிச்சி காட்டினேன். ஹட்சன்ஸ் இடிச்சது ஏற்கனவே தெரியுமாம், கப்பல் எரிஞ்சது தெரியாது போல, கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரோட்டோரம் பெரிய டயர் ஒண்ணு நிக்கும் அது இருக்கான்னாங்க. வயிறு சரியில்லன்னா அங்க குடிப்பாங்களாம் ஒரு இஞ்சி சோடா, வெர்னர்ஸ், அது வேணுமாம்.

குடியாத்தம் டூ கேன்டன்:
டயர் எங்கயும் போகல, ஐ-94 ஹைவே ஓரத்துல ஆலன் பார்க்ல நிக்குது, 80 அடி உயரம். 1964ல நியூயார்க் கண்காட்சியில ராட்டினமா இருந்தத கொண்டாந்து வச்சது, அது அத்தைக்கே புதுசா இருக்கும். சிகாகோலேர்ந்து அந்த ரோட்டுல தான் வருவீங்க, ஓட்டிக்கினே போட்டோ எடுக்காதீங்க. வெர்னர்ஸ் எந்த மளிகை கடையிலயும் கிடைக்கும். கேன் வாங்கி செக்-இன் பெட்டியில துணிக்கு நடுவுல சுத்தி வைங்க, கேபின் பைல வச்சா செக்யூரிட்டில புடுங்கிடுவான். தேதி முடிவானதும் மெசேஜ் போடுங்க, மதியம் நம்ம வீட்ல தான் சாப்பாடு.