அண்ணா பல்கலைக்கு வயசு என்ன: 1794-ஆ, 1978-ஆ?

பழங்கணக்கு: இன்னொரு இழையில் ஒருத்தர் "அண்ணா பல்கலைக்கழகம் 1794-ல் தொடங்கியது, சென்னைப் பல்கலைக்கே மூத்தது"ன்னு எழுதியிருக்கார். படிச்சதும் எரிச்சலா வந்துச்சு. சென்னைப் பல்கலை 1857. அண்ணா பல்கலை 1978. கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), கட்டடக்கலைப் பள்ளி நாலையும் சேர்த்து அந்த வருஷம்தான் உண்டாக்கினாங்க. 1794-ல் ஏது பல்கலை?

கிண்டியான்: எழுதினது நான்தான், நேரா என்கிட்டயே கேக்கலாம். கிண்டிக் கல்லூரி 1794-ல் சர்வே (நில அளவை) பள்ளியாத் தொடங்குச்சு. 1859-ல் சிவில் இன்ஜினியரிங் கல்லூரி. 1920-ல் கிண்டிக்கு வந்துச்சு. 1978-ல் பல்கலை. இதுல எந்த வருஷம் பழசு செத்துப் புதுசு பொறந்துச்சு? காட்டுங்க.

பழங்கணக்கு: 1978-க்கு முன்னாடி கிண்டி மாணவருக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலை. 1794-ல் சேர்ந்த எட்டுப் பையன்கள்ல எவன் பட்டம் வாங்கினான்? மகளுக்குத் தாயைவிட வயசு கூடுமா?

குரோம்பேட்டை வாசி: ரெண்டு பேருமே கிண்டியைத் தாண்ட மாட்டீங்களா? எம்.ஐ.டி.யை 1949-ல் தொழிலதிபர் ராஜம் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கினார். எங்க வரலாற்றுல 1794-ன்னு ஒரு வருஷமே கிடையாது. அதை எங்க தலையில ஏன் கட்டறீங்க? கலாம் படிச்சது எங்ககிட்ட.

கிண்டியான்: வந்துட்டாங்க. கலாம் பேரை இழுக்காம இவங்களால ஒரு வரி எழுத முடியாது. நாலு பேர் கூட்டுக் குடும்பம்னா மூத்தவன் வயசுதான் குடும்பத்துக்கு. மான்செஸ்டர்ல 2004-ல் ரெண்டு பல்கலை இணைஞ்சது. முத்திரையில 1824-ன்னுதான் போட்டிருக்கான். ரூர்க்கி 1847-ல் கல்லூரி, 1949-ல் பல்கலை, 2001-ல் ஐ.ஐ.டி. அவன் 1847-ன்னு சொன்னா உங்களுக்கு வலிக்கல, நாங்க 1794-ன்னு சொன்னா மட்டும் வலிக்குதா?

சிதம்பரத்தார்: அண்ணாமலைப் பல்கலையைப் பாருங்க. மீனாட்சி கல்லூரி 1920, பல்கலை 1929. நாங்க 1929-ன்னுதான் சொல்றோம். இல்லாத வயசைக் கேட்டு நிக்கல.

கிண்டியான்: ஒம்பது வருஷத்தை விட்டுக்கொடுக்க யாராலும் முடியும். 184 வருஷத்தை விட்டுக்கொடுத்துப் பாருங்க, தெரியும்.

கோவை மாணவன்: 2007-ல் பிரிச்சு கோவை, திருச்சி, நெல்லைன்னு தனித்தனி அண்ணா பல்கலை ஆக்கினாங்க. அப்புறம் திரும்ப ஒண்ணாச் சேர்த்தாங்க. அப்போ படிச்ச எங்களுக்கு எந்த வருஷம் சார்?

கிண்டியான்: இணைப்புக் கல்லூரிக்காரங்க இதுல தலையிட வேண்டாம். பேச்சு நாலு வளாகத்தைப் பத்தி.

கோவை மாணவன்: எங்க பட்டத்துலயும் அண்ணா பல்கலைன்னுதான் அச்சடிச்சிருக்கு. வளாகத்துக்குள்ள படிச்சா மட்டும் கொம்பு முளைச்சிருக்கா?

குரோம்பேட்டை வாசி: அதே திமிருதான். எங்களையும் அப்படித்தான் பேசுவாங்க.

பழங்கணக்கு: எல்லாரும் எங்கெங்கயோ போறீங்க. என் கேள்வி அப்படியே நிக்குது. பட்டம் கொடுக்கும் அதிகாரம் வந்த வருஷம் எது?

கிண்டியான்: பள்ளி தொடங்கின வருஷம் எது? 1794. கல்கத்தா பிரசிடென்சி 2010-ல்தான் பல்கலை ஆச்சு. அங்க போய் "நீங்க 1817 இல்ல"ன்னு சொல்லிட்டு வாங்க, அப்புறம் எங்ககிட்டப் பேசலாம்.

பழங்கணக்கு: அங்கயும் சொல்வேன். 1978.

கிண்டியான்: 1794.