கேம்பஸ் போலீஸ் ஸ்டூடண்ட் மேல டேசர் அடிக்கிறது நியாயமா?

நூலகவாசி:
மக்களே, நேத்து லேப்ல பெரிய சண்டை, வாய்ச்சண்டைதான். நான் அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் படிக்கிறேன். இங்க கேம்பஸ் போலீஸ்னா கேட்ல நிக்கிற செக்யூரிட்டி இல்ல, அரெஸ்ட் பண்ற அதிகாரம் உள்ள முழு போலீஸ், இடுப்புல ஒரு பக்கம் துப்பாக்கி இன்னொரு பக்கம் டேசர், அதாவது கரண்ட் ஷாக் குடுக்கிற கருவி. பேச்சு எப்படியோ 2006ல யூசிஎல்ஏல (லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கிற கலிபோர்னியா யூனிவர்சிட்டி) நடந்த கதைக்குப் போயிடுச்சு. தெரியாதவங்களுக்கு: நவம்பர் மாசம், பவல் லைப்ரரி, ராத்திரி 11 மணிக்கு மேல ஐடி செக் பண்ணுவாங்க, ஒரு பையன் என்னை மட்டும் ஏன் கேக்குறீங்கன்னு காட்ட மாட்டேன்னுட்டான், போலீஸ் வந்துச்சு, கையைப் பிடிச்சதும் அவன் உடம்பைத் தளர விட்டுட்டான், அப்புறம் "எந்திரி எந்திரி"ன்னு சொல்லிச் சொல்லி பல தடவை டேசர் வச்சாங்க. சுத்தி நின்ன பசங்களில் ஒருத்தன் செல்போன்ல எடுத்துட்டான், அந்த அலறலைக் கேட்டா இன்னைக்கும் வயித்தைப் பிசையுது.

என் லேப்மேட் சொல்றான், ஐடியைக் காட்டிட்டுப் போயிருந்தா ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிருக்கும், அடாவடி பண்ணா அனுபவிக்கணும்னு. எனக்கு அது ஒத்துக்கவே முடியல. ஆனா ஏன் தப்புன்னு கேட்டா எனக்குக் கோவம்தான் வருது, பதில் வரல. யாரையும் அடிக்காத, ஓடாத, சும்மா கத்துற ஒருத்தன் மேல கரண்ட் வைக்கிறதுக்கு எந்த சூழ்நிலையிலயாவது நியாயம் இருக்கா?

கறார்கந்தன்:
தம்பி, நான் உங்க லேப்மேட் கட்சி. அந்த ஐடி ரூலே ராத்திரி நேரத்துல வெளியாள் உள்ள வந்து பொண்ணுங்களுக்கோ பசங்களுக்கோ ஏதாவது ஆயிடக் கூடாதுன்னு வச்சது. "காட்ட மாட்டேன்"னு சொல்றவன் ஸ்டூடண்டா இல்லையான்னு போலீஸுக்கு எப்படித் தெரியும், நெத்தியிலயா எழுதியிருக்கு? சரி டேசர் வேண்டாம்னா வேற என்ன பண்ணச் சொல்றீங்க? லத்தியால அடிச்சா எலும்பு உடையும், நாலு பேர் மேல விழுந்து அமுக்கினா மூச்சு முட்டும். டேசர் 5 செகண்ட், அதோட சரி, எந்திரிச்சு நடந்து போயிடலாம். இருக்கிறதுலயே மென்மையான வழி அதுதான்.

ஓம்ஸ்லா:
"டேசர் 5 செகண்ட் அதோட சரி"ங்கிறதுல தான் மொத்தக் குழப்பமும் இருக்கு கந்தன் சார். டேசர்ல ரெண்டு விதம் இருக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பேசக் கூடாது.

முதல் விதம், தூரத்துல இருந்து ரெண்டு சின்ன ஊசி கம்பியோட பறந்து வந்து குத்தும். அந்த ரெண்டு ஊசிக்கும் நடுவுல இருக்கிற தசை மொத்தமும் இறுகிப் பூட்டிக்கும், ஆள் கட்டை மாதிரி விழுவான். கத்தியைத் தூக்கிட்டு வர்றவனை நிறுத்துறதுக்குன்னு யோசிச்சது இது. ரெண்டாவது, டிரைவ் ஸ்டன்னு சொல்வாங்க, கருவியை நேரா உடம்புல வச்சு அழுத்துறது. ரெண்டு முனையும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதால தசை பெருசா பூட்டாது, ஆள் செயலிழக்க மாட்டான், வலி மட்டும்தான். சொன்னபடி கேக்க வைக்கிறதுக்கான வலி. யூசிஎல்ஏல நடந்தது இந்த ரெண்டாவது. அதாவது அங்க எந்த ஆபத்தையும் யாரும் தடுக்கல, சொன்னதைக் கேக்குற வரைக்கும் வலிக்க வச்சிருக்காங்க. வலியில துடிக்கிறவன்கிட்ட எந்திரின்னா எப்படிங்க எந்திரிப்பான்?

இன்னொண்ணு, 50,000 வோல்ட்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க, அது காத்துல பொறி தாவுறதுக்கான வோல்டேஜ், உடம்புக்குள்ள போறப்ப ரொம்பக் குறைஞ்சிடும். அதுக்காகப் பூப்போலன்னும் இல்ல, 2009ல அந்தக் கம்பெனியே நெஞ்சுப் பக்கம் குறி வைக்காதீங்கன்னு போலீஸுக்குச் சொல்ல வேண்டி வந்துச்சு. அமெரிக்க நீதி அமைச்சகமும் ஒரு போலீஸ் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 2011 வழிகாட்டுதல்ல மொத்தமா 15 செகண்டுக்கு மேல போனா ஆபத்து கூடும்னு இருக்கு, பணிய வைக்க டிரைவ் ஸ்டன் போடுற பழக்கத்தைக் குறைக்கணும்னும் இருக்கு.

மலர்விழி_முன்னாள்ஆர்ஏ:
நான் ரெண்டு வருஷம் டார்ம்ல (யூனிவர்சிட்டி ஹாஸ்டல்) ஆர்ஏவா, அதாவது ஹாஸ்டல் பசங்களைப் பார்த்துக்கிற ஸ்டூடண்டா இருந்தவ, அதனால எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும்னு வச்சுக்கோங்க. ஒரு ராத்திரி ஒரு பையன் என்னத்தையோ சாப்பிட்டுட்டு காரிடார்ல கண்ணாடியை உடைச்சு கையெல்லாம் ரத்தம், நான்தான் போன் பண்ணேன், வந்த ஆபீசர் டேசரை உருவிட்டார், ஆனா அடிக்கல. பத்தடி தள்ளி தரையில உக்காந்துட்டு அவன்கிட்ட பேச்சு குடுத்துக்கிட்டே இருந்தார், முக்கால் மணி நேரம், அவன் அழுது ஓஞ்சு போற வரைக்கும். எனக்கு அந்த முக்கால் மணி நேரமும் ஒரு நிமிஷமும் நகரல, மனசுக்குள்ள "அடிச்சுத் தொலைங்களேன்"னு கூட நெனச்சேன், பொய் சொல்லல.

அப்புறம்தான் 2011ல சின்சினாட்டி யூனிவர்சிட்டில நடந்ததைப் படிச்சேன். சம்மர் ப்ரோக்ராமுக்கு வந்த 18 வயசுப் பையன், டார்ம்ல தகராறுன்னு போன், கேம்பஸ் போலீஸ் டேசர் அடிச்சாங்க, செத்துட்டான். யூனிவர்சிட்டி அதோட டேசரையே நிறுத்தி வச்சுது.

இதைச் சொல்லிட்டு அடுத்ததையும் சொல்லாம விட்டா நான் நேர்மையா இல்லன்னு அர்த்தம். 2017 செப்டம்பர், ஜார்ஜியா டெக். மனசு சரியில்லாத ஒரு ஸ்டூடண்ட் தானே அவசர உதவி நம்பர் 911க்குப் போன் பண்ணி, கையில மல்டி டூல் (சின்னக் கத்தியும் சேர்ந்த மடக்கு கருவி) வச்சுக்கிட்டு "என்னைச் சுடு"ன்னு போலீஸை நோக்கி நடந்தாங்க. கத்தி மடங்கித்தான் இருந்துச்சு. அந்த கேம்பஸ் போலீஸ்கிட்ட அப்போ டேசரே கிடையாது. சுட்டுட்டாங்க, 21 வயசு. அன்னைக்கு யார் கையிலயாவது ஒரு டேசர் இருந்திருந்தா, பிழைக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். அதனால டேசரே வேண்டாம்னு என்னால சொல்ல முடியல. துப்பாக்கி எடுக்க வேண்டிய இடத்துல டேசர் எடுத்தா கும்பிடலாம். பொறுமையாப் பேச வேண்டிய இடத்துல எடுக்கிறாங்களே, வயித்தெரிச்சல் அங்கதான்.

கறார்கந்தன்:
ஓம்ஸ்லா சொன்ன ரெண்டாவது விதம் எனக்குத் தெரியாது, அதை ஒத்துக்கிறேன். ஆனா எல்லாத்தையும் அப்படியே பொத்தாம்பொதுவா தள்ளாதீங்க. 2007 ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி, செனட்டர் ஜான் கெர்ரி பேசின கூட்டம், "டோன்ட் டேஸ் மீ ப்ரோ" (என் மேல டேசர் அடிக்காதீங்க)ன்னு உலகமே கிண்டல் பண்ண வீடியோ. அந்தப் பையன் மைக்கை விடாம, போலீஸ் கூட்டிட்டுப் போறப்ப திமிறிக்கிட்டே இருந்தான். மாநில விசாரணையிலயே போலீஸ் மேல தப்பில்லன்னு சொல்லி, லீவுல அனுப்பியிருந்த ரெண்டு போலீஸையும் வேலைக்குத் திருப்பி எடுத்தாங்க. அவனும் மன்னிப்புக் கடிதம் எழுதினான்.

ஓம்ஸ்லா:
அது கூட டிரைவ் ஸ்டன்தான் சார் 🙂 கீழ போட்டு இத்தனை பேர் அமுக்கிப் பிடிச்சதுக்கு அப்புறம். மேடையில இருந்த கெர்ரியே அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன்னு சொல்லிட்டிருந்தார்.

வக்கீல்வண்டு:
கோர்ட் என்ன சொல்லுதுன்னு யாரும் தொடவே இல்லையே. அடிப்படை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட 1989 கிரஹாம் தீர்ப்பு: குத்தம் எவ்ளோ பெருசு, ஆள் உடனடி ஆபத்தா, எதிர்த்து அடிக்கிறானா ஓடுறானா, இந்த மூணையும் பார்க்கணும். யூசிஎல்ஏ கேஸை இதுல போட்டுப் பாருங்க, குத்தம் ஐடி காட்டாதது, ஆபத்து இல்ல, அடிக்கல.

டேசருக்குன்னே வந்தது 2010 பிரையன் தீர்ப்பு, கலிபோர்னியா அடங்குற 9வது சர்க்யூட் (பல மாநிலங்களுக்குப் பொதுவான மேல்முறையீட்டு கோர்ட்). சீட் பெல்ட் போடலன்னு நிறுத்தின ஆள், கத்திக்கிட்டு இருந்தான், போலீஸ்கிட்ட இருந்து 20 அடிக்கு மேல தள்ளி நின்னான், டேசர் அடிச்சதும் மூஞ்சி தரையில மோதி 4 பல்லு உடைஞ்சுச்சு. கோர்ட் இது அத்துமீறல்னு சொல்லுச்சு. 2016ல 4வது சர்க்யூட்டும் ஆம்ஸ்ட்ராங் வழக்குல, உடனடி ஆபத்து இல்லாம வெறுமனே பிடிவாதம் பண்றவன் மேல அடிக்கக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. ஆனா கூத்து என்னன்னா ரெண்டு வழக்குலயும் போலீஸ்காரங்க தப்பிச்சுட்டாங்க, "அந்த நேரத்துல சட்டம் தெளிவா இல்ல"ன்னு. பல்லு உடைஞ்சவனுக்கு என்ன தெளிவு வேணும்.

யூசிஎல்ஏ விஷயத்துல யூனிவர்சிட்டி வெளியாளை வச்சு விசாரிச்சுது, மெரிக் பாப்னு போலீஸ் கண்காணிப்புல பழுத்த ஆள். அவரோட அறிக்கை அங்க டேசர் போட்டது யூசிஎல்ஏவோட சொந்த ரூலுக்கே மாறானதுன்னு சொல்லுச்சு. 2009ல 2,20,000 டாலர் குடுத்து வழக்கை முடிச்சாங்க. நூலகவாசி, உங்க லேப்மேட்டுக்கு இதை அனுப்புங்க. உங்க யூனிவர்சிட்டி போலீஸோட யூஸ் ஆஃப் ஃபோர்ஸ் பாலிசியையும் (எப்போ எவ்ளோ பலம் பிரயோகிக்கலாம்ங்கிற ரூல்) தேடிப் படிங்க, நிறைய இடத்துல வெப்சைட்லயே இருக்கும்.

நூலகவாசி:
எல்லாருக்கும் நன்றி, மலர்விழி அக்கா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். பாலிசியைத் தேடி எடுத்துட்டேன். கத்தி, துப்பாக்கி வச்சிருந்தா எப்போ டேசர் எடுக்கலாம்னு அரைப் பக்கம் இருக்கு, கர்ப்பிணி, வயசானவங்க மேல கூடாதுன்னும் இருக்கு. டிரைவ் ஸ்டன்னுக்கு ஒரே ஒரு வரி, "ஒத்துழைக்காதவர்களிடம் பயன்படுத்தலாம்"ங்கிற அர்த்தத்துல. ஒத்துழைக்காததுன்னா என்ன, ஐடி காட்டாததா, கீழ உக்காந்துக்கிறதா, எதுவும் இல்ல. லேப்மேட்கிட்ட காட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்துட்டு "அப்ப போன வாரம் நான் பார்க்கிங் ஆபீசர்கிட்ட சண்டை போட்டேனே"ன்னான். ரெண்டு பேரும் சேர்ந்து அவங்களுக்கு மெயில் போட்டிருக்கோம், பதில் வந்தா இங்கயே போடுறேன்.