குளிரில் திணறும் டீசல் கார்: குளோ பிளக்கா, இன்ஜெக்டரா?

ஊட்டியில் இருக்கிறோம். 2014 மாடல் டீசல் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. பத்து நாளாகக் காலையில் ஏழெட்டு விநாடி இழுத்துத்தான் பிடிக்கிறது. பிடித்ததும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம், இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பக்கமிருந்து. மூன்று விநாடியில் அடங்கிவிடும். மதிய வெயிலில் இரண்டு தொல்லையும் இல்லை.

பேட்டரி புதுசு. மல்டிமீட்டரில் 12.5 வோல்ட், ஸ்டார்ட் செய்யும்போதும் 10.4க்குக் கீழே இறங்கவில்லை. நேற்று சாவியை ஆன் செய்து, குளோ பிளக் (குளிரில் இன்ஜினுக்குள் சூடேற்றுவது) விளக்கு அணைந்ததும் ஆஃப் செய்து, இப்படி மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டது! முதல் புகை மட்டும் வெள்ளையாக, டீசல் நெடியோடு.

மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்காமல் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றணும் என்கிறார். எனக்கென்னவோ குளோ பிளக்கில் ஒன்றிரண்டு செத்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. கழற்றாமலே மீட்டரில் சோதிக்கலாமா, எத்தனை ஓம் காட்ட வேண்டும்? கழற்றும்போது உள்ளேயே முறிந்துவிடும் என்று வேறு பயமுறுத்துகிறார்கள்.

அந்தச் சத்தம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரா, இல்லை ஆயில் மேலே ஏறத் தாமதமாவதா? ஆயில் மாற்றி 9,000 கிலோமீட்டர் ஆகிறது. திங்கட்கிழமை மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். ஓட்டலாமா, சொல்லுங்கள்.