சீனப் புத்தகத்தில் ஜப்பானியக் குறிகள் ஏன்?

சுங்கை சிப்புட் வாசகி:
எங்கள் ஊர் மருந்துக் கடைத் தவ்கே (முதலாளி) பழைய முகலட்சணப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க ஆண் முகம், நெற்றி முதல் தாடை வரை சீன எழுத்து. அதன் ஓரத்தில் பொடிப்பொடியாக இருப்பது ஜப்பானிய எழுத்தாம். இது சீனக் கலைதானே? பால்மரம் வெட்டிய என் பாட்டி சொல்லும் சாமுத்திரிகா லட்சணமும் இதுவும் ஒன்றா?

ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்:
கலை சீனாவுடையது, புத்தகம் ஜப்பானில் அச்சானது. அந்தப் பொடி எழுத்துதான் அடையாளம். ஜப்பானிய மொழியிலும் நம் தமிழைப் போல வினை கடைசியில் வரும், சீனத்தில் அப்படி இல்லை. அதனால் சீன மூலத்தை அப்படியே வைத்து, எதை முன்னே படிப்பது, எங்கே திரும்பி வருவது என்று ஓரத்தில் குறி போட்டார்கள். தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையில் இது பெரும்பாடு. மரப்பலகையில் பக்கம் முழுவதையும் செதுக்குவதால் குறியும் படமும் சேர்ந்தே வந்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானியர் பலகை அச்சுக்கே திரும்பியதற்கு இது ஒரு காரணம்.

இப்படிச் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன முகலட்சண நூல்களில் ஒன்று, மிங் அரச வம்சத்துக் காலத்து ‘ஷென்சியாங் சுவான்பியன்’. தொகுத்தவர் யுவான் சோங்சே என்பார்கள். அவருடைய தந்தை யுவான் கோங், இளவரசர் சூ டியின் முகத்தைப் பார்த்து அரசாள்வார் என்றாராம். 1402இல் சூ டி அரியணை ஏறினார்.

பாட்டி சொல்லும் சாமுத்திரிகா லட்சணம் நம் இந்திய மரபு, இது வேறு. சீனர் முகத்தை நிலமாகப் பார்க்கிறார்கள்: நெற்றி தென்மலை, மூக்கு நடுமலை, தாடை வடமலை, கன்னங்கள் கிழக்கும் மேற்கும். மச்சம் பார்ப்பது இரண்டிலும் உண்டு.

தெலுக் இந்தான் தம்பி:
ஐயா, மச்சத்தைச் சொல்லித்தான் என் அக்காவின் சம்பந்தம் நின்றுபோனது. இதையெல்லாம் பரப்ப வேண்டுமா?

ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்:
கேட்கவே வேதனையாக இருக்கிறது, தம்பி. ஒரு பெண்ணை மச்சம் பார்த்துத் தள்ளுவது அநியாயம். சீனாவிலேயே சுன்சி என்ற அறிஞர், கிறிஸ்துவுக்கு முன்பே, முகம் பார்ப்பதை எதிர்த்துத் தனி அத்தியாயம் எழுதினார். ஜப்பானில் 1788இல் நூல் வெளியிட்ட மிசுனோ நான்போகு முகம் பார்த்தே வாழ்ந்தவர். அவரே பிற்பாடு, அளவாகச் சாப்பிடுகிறவன் தன் விதியை மாற்றிக்கொள்வான் என்று போதித்தார். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்.

சகோதரி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள். 1722க்குப் பிறகு அச்சிட்டது என்றால் பதிப்பாளர் பெயர் அங்கே இருக்க வேண்டும், அப்படி ஒரு சட்டம் இருந்தது.