சிறைக் கைதி வழக்குகளில் ஆவணம் கேட்ட அனுபவங்கள்

அமெரிக்காவில் பாராலீகலாக, அதாவது வக்கீலுக்கு உதவும் சட்ட உதவியாளராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் சிறை வழக்குகள் பெரும்பாலும் 1983ஆம் பிரிவின் கீழ் வருபவை; அரசு ஊழியர் ஒருவரின் உரிமையை மீறினால் அவர்மேல் வழக்குப் போட வழி தரும் பிரிவு அது. 1871இல் போட்ட சட்டம், இன்னும் அதுதான் கைகொடுக்கிறது. காவலர் அடித்தார், மருந்து தரவில்லை என்று கைதியே வழக்குப் போட்டிருப்பார். நாங்கள் பாதியில்தான் உள்ளே வருவோம். எதிர்த்தரப்பிடம் காகிதங்கள் கேட்டு அவர் கைப்பட எழுதிய ஆவணக் கோரிக்கை கோப்பில் இருக்கும். அதைப் படித்தாலே வழக்கு எங்கே மாட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும்.

ஒருவர் ‘என்னை அடித்தது சம்பந்தமான எல்லாக் காகிதங்களும் வேண்டும்’ என்று எழுதியிருந்தார். எதிர்த்தரப்புக்கு இது அல்வா. ‘தெளிவில்லை, அளவுக்கு மீறிய கோரிக்கை, சிறைப் பாதுகாப்புக்கு இடைஞ்சல்’ என்று 30ஆம் நாள் ஒரே வரியில் பதில். அதையே நாங்கள் உடைத்துக் கேட்டோம்: அன்றைய ஷிஃப்ட் பட்டியல், பலப்பிரயோக அறிக்கை, ஒவ்வொரு காவலரும் எழுதிய வாக்குமூலம், நர்ஸ் எழுதிய காயக் குறிப்பு, அந்தத் தாழ்வாரக் கேமராவின் பதிவு.

வாக்குமூலங்கள் வந்தன. மூன்று பேர் தனித்தனியாக எழுதியதாகச் சொன்னார்கள். மூன்றிலும் அதே இடத்தில் அதே எழுத்துப் பிழை! விசாரணையில் எங்கள் வக்கீல் அந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் இருந்தார்.

கேமரா பதிவு மட்டும் வரவில்லை. பழையதன் மேலேயே புதியது பதிவாகிவிட்டதாம். இதற்காக எதிர்த்தரப்பைத் தண்டிப்பதும் சுலபமில்லை. பதிவு அவர்களுக்கு எதிரானது என்று ஜூரி எடுத்துக்கொள்ளலாம் என நீதிபதி சொல்ல வேண்டுமானால், கிடைக்காமல் செய்யும் எண்ணத்தோடே அழியவிட்டார்கள் என்று தெரிய வேண்டும். 2015இல் திருத்திய விதி அப்படி. அதனால் வழக்குப் போடும் வரை காத்திருக்காமல், சம்பவம் நடந்த உடனே ‘பதிவை அழிக்காதீர்கள்’ என்று தேதி, நேரம், இடம் குறித்துக் கடிதம் போட்டு, அதன் நகலையும் வைத்துக்கொள்ளக் கைதியிடம் சொல்லுங்கள்.

*

பதிவு இருந்தாலும் கைதி கையில் தர மாட்டார்கள். என் கட்சிக்காரருக்கு ஒரு அறையில் அதிகாரியின் மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். நிறுத்திப் பார்க்கக் கேட்டார், முடியாது என்றார்கள். அப்புறம் நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட்டுத்தான் மறுபடி பார்க்க வைத்தோம்.

*

மேலே சொன்ன ஷிஃப்ட் பட்டியலை யாரும் லேசாக எண்ண வேண்டாம். அடித்தவர் பெயர் தெரியாத கைதி, வழக்கில் ‘ஜான் டோ’ என்று, பெயர் தெரியாதவருக்கு வைக்கும் பொதுப் பெயரைத்தான் எழுத முடியும். டெக்சாஸில் இந்த வழக்குகளுக்குக் காலவரம்பு 2 வருடம். அதன்பின் பெயர் தெரிந்து சேர்த்தால், அங்குள்ள ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. நான் பார்த்த வழக்கில் பட்டியலைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார்கள். கெடு தாண்டிய மூன்றாம் வாரம் வந்தது, பெயர்கள் பளிச்சென்று இருந்தன. இத்தனைக்கும் நீதிமன்றக் கட்டணத்தில் கைதிக்குத் தள்ளுபடி கிடையாது. கைதிகள் போடும் வழக்குகள் பற்றிய 1996 சட்டப்படி, சிறையில் உள்ள அவர் கணக்கில் மாதாமாதம் வருகிற பணத்தில் 20 சதவீதம் பிடிப்பார்கள். வழக்குத் தள்ளுபடியான பிறகும் அந்தப் பிடித்தம் போய்க்கொண்டேதான் இருந்தது.