ஜப்பானின் தகாயமாவில் மூன்று நாள்: அம்மாவுக்குச் சைவம் கிடைக்குமா?

கேள்வி (மயிலாப்பூர்வாசி): நவம்பர் முதல் வாரம் சென்னையிலிருந்து கிளம்புகிறோம். மலை, வெந்நீர் ஊற்று, உள்ளூர்ச் சாப்பாடு போதும். நகோயாவிலிருந்து எப்படிப் போவது? அம்மா சுத்த சைவம்.

ரயில்பிரியன்: 'ஹிடா' எக்ஸ்பிரஸ், சுமார் இரண்டரை மணி நேரம். கிளம்பும்போது இருக்கை பின்னோக்கி இருக்கும். திருப்பாதீங்க, கிஃபுவில் ரயிலே திசை மாறும். ஒரு நாளை காமிகோச்சி மலைப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்குங்க. வழியில் ஹிரயு என்ற ஊர் வரை பேருந்து ஒரு மணி நேரம், அங்கே வேறு பேருந்து மாறணும். சொந்தக் கார் உள்ளே போகாது. நவம்பர் நடுவில் காமிகோச்சியை மூடிடுவாங்க, அதனால் தள்ளிப்போடாதீங்க. ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில் பாஸ்) இந்தப் பேருந்துக்குச் செல்லாது.

சாம்பார்வடை: சிக்கல் இறைச்சியில் இல்லை சார், 'தாஷி'யில். சூப், சோபா நூடுல்ஸ், வேகவைத்த காய் எல்லாத்திலும் உலர்ந்த மீன் சாறு இருக்கும். "வெஜிடேரியன்" என்றால் மீனை மட்டும் எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றுவாங்க. "கட்சுவோ தாஷியும் வேண்டாம்" (கட்சுவோ என்பது அந்த மீன்) என்று விடுதிக்கு முன்பதிவிலேயே எழுதுங்க. போய் இறங்கினபின் சொன்னால் மாற்ற முடியாது. மியாகவா காலைச் சந்தை மதியத்தோடு முடிஞ்சுடும். அந்த ஊர் மிதராஷி டாங்கோ இனிப்பில்லை: அரிசிமாவு உருண்டை, சோயா சாஸ் தடவிச் சுட்டது. அம்மாவுக்குப் பிடிக்கும். ஹோபா மிசோவில் (இலைமேல் வைத்துச் சுடும் சோயா விழுது) தாஷி உண்டா என்று கேட்டுக்கோங்க.

மயிலாப்பூர்வாசி: ஊற்றில் நீச்சலுடை போடலாமா?

ரயில்பிரியன்: பொதுவா கூடாது. ஆண், பெண் தனித்தனி. சோப்புப் போட்டுக் குளிச்சபிறகே தொட்டியில் இறங்கணும். துண்டு நீரில் படக்கூடாது. அம்மாவுக்குக் கூச்சமென்றால் 'காஷிகிரி', அதாவது தனிக்குளியல் உள்ள விடுதி பாருங்க.